பி.டபிள்யூ.டி. றோட்டா, வி.சி. றோட்டா?

வாசகர் கேள்வி

ஐயா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. வலிகாமத்தில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் செயலாளராகவும் இருக்கிறேன். பிரதான வீதியில் இருந்து எங்கள் ஊருக்குள் இறங்கும் வீதி ஏறக்குறைய 3 கிலோமீற்றர். முதல் 800 மீற்றருக்குச் சில வருடங்களுக்கு முன் காப்பெற் தார் போட்டு, வெளிநாட்டு உதவி என்று பலகையும் நட்டார்கள். அதற்கப்பால் ஒன்றரைக் கிலோமீற்றருக்கு, கிடங்குகளுக்கு நடுவில்தான் றோட்டைத் தேட வேண்டும். பி.டபிள்யூ.டி. (பொது வேலைப் பகுதி) காலத்து மதகு ஒன்றும் இடிந்து கிடக்கிறது, சுவரில் 2/1 என்று எழுதியது மட்டும் இன்னும் அழியவில்லை. கடைசித் துண்டு ஒழுங்கை. போன மாரியில் ஒரு பிள்ளை சைக்கிளோடு விழுந்து கை முறிந்தது. பிரதேச சபையில் "இது எங்கட வீதி இல்லை" என்றார்கள். பெரிய வீதிகளைப் பார்க்கிற கந்தோரிலும் அதையே சொன்னார்கள். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கடிதத்தை வாங்கி, "உரிய திணைக்களத்துக்கு அனுப்புறம்" என்றார்கள். ஆறு மாதமாகிவிட்டது. கனடாவில் ஸ்காபுறோவில் இருக்கிற என் மருமகன், "மாமி, இங்க சமஷ்டி. ஒட்டாவாவும் மாகாணமும் பொறுப்பைப் பிரிச்சு எடுத்திருக்கு. அதால இந்த அலைச்சல் இல்லை" என்கிறார். எங்களுடையது ஒற்றையாட்சிதானே ஐயா? அரசாங்கம் ஒன்றென்றால் கந்தோரும் ஒன்றுதானே இருக்க வேண்டும்? எங்களை ஏன் மூன்று வாசலுக்கு அலைய விட்டார்கள்?

ஓய்வுபெற்ற வீதிப் பொறியியலாளரின் பதில்

ரீச்சர், முதல் இரண்டு கந்தோரிலும் உங்களுக்கு உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் போயிருக்க வேண்டியது நாலாவது கந்தோர். அப்படி ஒன்று இருக்கிறது என்று மூன்று இடத்திலும் ஒருவரும் வாய் திறக்கவில்லையே, அதுதான் எனக்குக் கோபம்.

உங்கள் வீதி சி தரமாகவோ டி தரமாகவோ இருக்க வேண்டும். அப்படியானால் அது வடக்கு மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின் வீதி. நேரில் பாராமல் எப்படிச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். நீங்கள் எழுதிய அந்த 2/1 தான் சாட்சி. இரண்டாம் மைலின் கணக்கில் முதலாவது மதகு என்று அதற்கு அர்த்தம். மதகுக்கு இலக்கம் போட்டுப் பதிவேட்டில் ஏற்றுவது பொது வேலைப் பகுதியின் பழக்கம். கிராமச் சங்கங்கள் (வி.சி.) மதகு கட்டின, இலக்கமிட்டு நான் கண்டதில்லை.

ஊரில் எழுபத்தைந்து வயது தாண்டிய ஒருவரைப் பிடித்து, "இது பி.டபிள்யூ.டி. றோட்டா, வி.சி. றோட்டா?" என்று கேளுங்கள். யோசிக்காமல் சொல்லுவார். அந்தக் காலத்தில் வீதிக்கு இரண்டே சாதி. கொழும்பில் தலைமையகம் வைத்திருந்த பொது வேலைப் பகுதி பார்த்தது ஒன்று, ஊர்க் கிராமச் சங்கம் பார்த்தது மற்றது. கிராமச் சங்கங்கள் 1981இல் ஒழிந்துபோயின. பிரதேச சபைச் சட்டம் 1987இல் வந்தது, பழைய வி.சி. றோட்டுகள் அந்தச் சபைகளின் தலையில் விழுந்தன. பி.டபிள்யூ.டி. றோட்டுகளுக்கு ஏ, பி, சி, டி, ஈ என்று தரம் இருந்தது. 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் அந்த வரிசையை நடுவில் வெட்டியது. ஏ, பி மத்திக்கு. சி, டி மாகாணத்துக்கு. அதற்குக் கீழே உள்ளவை மாநகர, நகர, பிரதேச சபைகளுக்கு. (இப்போது ஈ என்ற எழுத்தை அதிவேகப் பாதைக்குக் கொடுத்துவிட்டார்கள். பழைய கடதாசியில் ஈ தரம் என்று கண்டு யாரும் பெருமைப்பட வேண்டாம்.)

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால் ஒரு வரிதான். அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில், மாகாண சபைப் பட்டியலில், மாகாணத்துக்குள் இருக்கும் வீதிகளும் பாலங்களும் பாதைகளும் மாகாணத்துக்கு, தேசிய நெடுஞ்சாலைகளும் அவற்றின் மேலுள்ள பாலங்களும் பாதைகளும் தவிர. இங்கே பாதை என்றது நாங்கள் தீவுப்பக்கம் போக ஏறுகிற பாதையை, கடலில் மிதக்கிறதை. றோட்டு யாருடையதோ அதன் பாலமும் பாதையும் அவருடையவை என்பதுதான் விதி. கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையில் ஒரு காலத்தில் பாதை ஓடிய இடத்தில் 2011 ஜனவரியில் பாலம் திறந்தார்களே, அது ஏ32 வீதியில் கிடப்பதால் மத்தியின் பாலம். அது ஒரு டி தர வீதியாக இருந்திருந்தால் இன்னும் நாங்கள் பாதைக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றிருப்போம் என்று எனக்கு ஒரு கெட்ட எண்ணம்.

இந்தியாவின் அரசியலமைப்பைப் புரட்டியவர்களுக்கு இந்த வாசகம் பழகிய முகம் போலத் தெரியும். அங்கே ஏழாவது அட்டவணை. தேசிய நெடுஞ்சாலை ஒன்றியப் பட்டியலில், மற்ற வீதிகளும் பாலங்களும் பாதைகளும் மாநிலப் பட்டியலில். எங்கள் திருத்தம் இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின் பிள்ளை. சாயல் இருக்கத்தான் செய்யும்.

ஆக, பெயர் ஒற்றையாட்சியாக இருந்தாலும் றோட்டு விசயத்தில் நாங்கள் மூன்று அடுக்கு. ஏ9, காங்கேசன்துறை வீதி, பலாலி வீதி, பருத்தித்துறை வீதி எல்லாம் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. அந்தச் சபை 1981ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. நாடு முழுவதும் அதன் கையில் இருப்பது ஏறத்தாழ 12,000 கிலோமீற்றர். யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் உள்ளூராட்சி சபை மட்டும் 17 இருக்கிறது: ஒரு மாநகர சபை, மூன்று நகர சபை, பதின்மூன்று பிரதேச சபை. இவ்வளவு பேருக்கு நடுவில் ஒரு கிடங்கு தன் சொந்தக்காரரைத் தேடி எடுப்பது லேசான காரியமில்லை.

இனி மருமகனுடைய கதைக்கு வருகிறேன். சமஷ்டி என்ற சொல் தமிழரசுக் கட்சி தொடங்கிய 1949இல் இருந்து எங்கள் காதில் விழுகிறது. கிடங்கை யார் மூடுவார் என்று ஒரு மேடையிலும் நான் கேட்டதில்லை, அதனால் மருமகனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் ஒரு இடத்தில் தவறுகிறார். ஒட்டாவா அவருடைய றோட்டைப் பங்குபோட்டு எடுக்கவில்லை. கனடாவில் மத்திய அரசுக்குச் சொந்தமான றோட்டு மிகக் கொஞ்சம்: தேசியப் பூங்காக்களுக்குள் ஓடுகிறவை, மொன்றியலின் சம்பிளெயின் பாலம் மாதிரிச் சில பாலங்கள், அப்படிச் சில. அவர் ஏறி வேலைக்குப் போகிற 401 ஒன்ராறியோ மாகாணத்தினுடையது. ஸ்காபுறோவில் இருக்கிற தெருக்கள் ரொறன்ரோ மாநகரத்தினுடையவை. கடல் தொட்டுக் கடல் வரை போகிற கனடாக் குறுக்கு நெடுஞ்சாலையைக்கூட 1949இல் சட்டம் போட்டு ஒட்டாவா செலவில் பாதியைத் தர ஒத்துக்கொண்டதே தவிர, றோட்டை மாகாணங்களே போட்டன, மாகாணங்களே வைத்திருக்கின்றன. திறந்தது 1962இல்.

அமெரிக்காவும் அப்படித்தான். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாநிலங்களுக்கிடையிலான நெடுஞ்சாலைகளுக்கு வொஷிங்டன் நூற்றுக்குத் தொண்ணூறு கொடுத்தது, மாநிலம் பத்து. றோட்டு மாநிலத்தினுடையது. பெற்றோலில் கலனுக்கு 18.4 சதம் மத்திய வரி எடுத்து அதற்கென்று ஒரு நிதியத்தில் போடுகிறார்கள், 1993க்குப் பிறகு அந்த வரி ஒரு சதம் கூடவில்லை. காசு கொடுக்கிறவர் கயிறும் பிடிப்பார். 1984இல், 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்கிற மாநிலங்களுக்கு வீதிக் காசில் ஒரு பங்கை வெட்டுவோம் என்றது வொஷிங்டன். மது விற்பனை வயதை நிர்ணயிப்பது மாநிலங்களின் கையில் இருந்தது. றோட்டுக் காசைக் காட்டி எல்லா மாநிலங்களையும் வழிக்குக் கொண்டுவந்தார்கள்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்து கண்டது இதுதான் ரீச்சர். எந்த நாட்டிலும் றோட்டைப் பற்றி இரண்டு கேள்வி இருக்கிறது. றோட்டு யாருடைய பதிவேட்டில் இருக்கிறது? போட்ட காசு யாருடையது? சனம் இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டுதான் பிழையான வாசலைத் தட்டுகிறது. உங்கள் ஊரில் நட்ட பலகை அந்தப் பிழைக்கு எண்ணெய் ஊற்றுகிறது. பலகையில் கடன் கொடுத்த வங்கி, திட்டத்தின் பெயர், மத்திய அமைச்சு எல்லாம் இருக்கும். வாசிக்கிறவர், மத்தி போட்ட றோட்டு என்று மத்தியின் கந்தோருக்கு நடப்பார். காசு கொழும்பில் இருந்தோ அதற்கப்பால் இருந்தோ வந்திருக்கலாம், காப்பெற் போட்டதால் டி தர வீதி ஏ தரமாவதில்லை. வேலை முடிந்து கொந்துராத்துக்காரர் பெட்டி கட்டியதும் அந்த 800 மீற்றரும் பழைய சொந்தக்காரரிடமே திரும்பும். பலகை மட்டும் நிற்கும்.

சொந்தக்காரரும் மாறுவதுண்டு. ஒன்ராறியோவில் 1997, 1998 அளவில் மாகாணம் தன் நெடுஞ்சாலைகளில் பலதைக் கீழே தள்ளி நகரங்களின் தலையில் கட்டியது. மருமகனுக்குத் தெரிந்த கிங்ஸ்ரன் றோட்டு அதற்கு முன் மாகாணத்தின் இரண்டாம் இலக்க நெடுஞ்சாலை. பிறகு 2023இல் ரொறன்ரோ தன்னால் தாங்க முடியாத கார்டினர், டொன் வலி இரண்டு விரைவுப் பாதைகளையும் மாகாணம் திருப்பி எடுக்க உடன்பாடு வந்தது. அங்கே பாரம் கீழேயும் போகிறது, மேலேயும் வருகிறது. எங்களிடம் போக்கு மேல்பக்கம் மட்டும்: ஒரு மாகாண வீதி அகலமாகி முக்கியமாகிவிட்டால் அதைத் தேசிய நெடுஞ்சாலையாக்கிவிடலாம், அமைச்சரின் வர்த்தமானி போதும். அதற்கான சட்டம் 2008ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கத் தேசிய பெருந்தெருக்கள் சட்டம். அதுவரைக்கும் நாங்கள் கந்தோரில் விரித்துப் பார்த்தது 1861ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், ஓரம் பூச்சி அரித்த ஒரு பிரதி. வீதி மேலே போனால் காப்பெற் வரும் என்று ஊர்ச் சனமும் விரும்பிக் கேட்கிறது, நான் அதைக் குறை சொல்லவில்லை. மாகாணத்தின் பட்டியல் மெலிந்துகொண்டு போகிறதே என்று எங்களைப் போன்ற சிலர்தான் முணுமுணுத்தோம்.

மாகாணத்திடம் ஏன் காசில்லை என்று கேட்பீர்கள். உங்கள் ஸ்கூட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். அடிக்கிற பெற்றோலில் இருக்கிற வரி கொழும்புத் திறைசேரிக்குப் போகிறது. வருடா வருடம் எடுக்கிற வருமான அனுமதிப்பத்திரத்தின் கட்டணம் மாகாணத்துக்கு வருகிறது. ஊரில் யாரும் காணி விற்றால் உறுதி முடிக்கும்போது கட்டுகிற முத்திரை வரி உள்ளூராட்சி சபைக்குச் சேரும். மூன்று அடுக்குக்கும் மூன்று உண்டியல். முதலாவது பெரும் பானை, மற்ற இரண்டும் சுண்டு. முன்பு மாகாணங்களுக்கு விற்பனைப் புரள்வு வரி என்று சொந்த வரி ஒன்று இருந்தது. 2011இல் அதை எடுத்துவிட்டு, மத்தி வசூலிக்கிற வரியில் பங்கு தருகிறோம் என்றார்கள். இன்று மாகாணம் வீதி வேலைக்குப் பெரும்பாலும் பார்த்திருப்பது, நிதி ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி திறைசேரி விடுகிற காசைத்தான். அதிகாரத்தைப் பட்டியலில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பணப்பெட்டியின் திறப்பை மடியில் வைத்துக்கொண்ட கதை.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுகிற ஒன்று இருக்கிறது. பிரதேச சபைக்கு 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்தது. உங்கள் வட்டாரத்து உறுப்பினரை நீங்கள் சந்தையில் காண்கிறீர்கள், கோயிலில் காண்கிறீர்கள், "தம்பி, இந்த றோட்டு என்ன மாதிரி?" என்று கேட்கிறீர்கள். அவர் பாவம், அந்த றோட்டு அவருடையதில்லை. றோட்டுக்குரிய வடக்கு மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது ஒரே ஒரு முறை, 2013 செப்ரெம்பரில். அதன் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு ஆளுநரும் உத்தியோகத்தர்களுமாக ஓடுகிறது. திட்டக்கூடிய ஆளிடம் றோட்டு இல்லை, றோட்டு வைத்திருக்கிற இடத்தில் திட்டுவதற்கு ஆள் இல்லை. உத்தியோகத்தர்கள் வேலை செய்யாமல் இருக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன், நானும் அந்தக் கதிரையில் இருந்தவன். ஆனால் அடுத்த தேர்தலில் தோற்போம் என்ற பயம் ஒரு கிடங்கை எவ்வளவு வேகமாக மூடும் என்பதும் எனக்குத் தெரியும்.

மருமகனுடைய ஊரில் உண்மையிலே பொறாமைப்பட ஒன்று இருக்கிறது. அது சமஷ்டியில் இருந்து வந்ததில்லை. ஒன்ராறியோவில் நகர சபைகளின் வீதிகளுக்குக் குறைந்தபட்சப் பராமரிப்பு ஒழுங்குவிதி ஒன்று 2002இல் இருந்து இருக்கிறது. வாகன ஓட்டத்தையும் வேகத்தையும் பார்த்து வீதியைத் தரம் பிரித்து, எந்தத் தரத்தில் எவ்வளவு அகல ஆழமுள்ள கிடங்கை எத்தனை நாளுக்குள் மூட வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். பெரிய வீதியில் 4 நாள், சின்னத் தெருவில் 30 நாள். றோட்டால் காயப்பட்டவர் 10 நாளுக்குள் சபைக்கு எழுத்தில் அறிவித்து நட்டஈடு கேட்கவும் சட்டம் வழி விட்டிருக்கிறது. கிடங்குக்கு அங்கே வயது எண்ணுகிறார்கள். எங்கள் கிடங்குக்கு ஊரார் பிறந்தநாள் கொண்டாடாததுதான் மிச்சம்.

நான் இளம் உத்தியோகத்தனாக இருந்தபோது ஒரு சந்தி. பெரிய வீதியும் சிறிய வீதியும் சேர்கிற வாயில் ஒரு கிடங்கு. எங்கள் ஆட்கள் பெரிய வீதியின் ஓரம் வரை தார் ஊற்றி நிறுத்தினார்கள். மறுபக்கத்து ஆட்கள் தங்கள் வீதி தொடங்குகிறது என்று நினைத்த இடத்தில் இருந்து ஊற்றினார்கள். நடுவில் இரண்டு முழம் கிடந்தது. இரண்டு கந்தோராரும் நாடாவும் வரைபடமுமாக வந்து ஒரு காலை முழுக்க வெயிலில் நின்று அளந்தோம். அளந்து முடித்துத் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்க்க, சந்தியில் கச்சான் விற்கிற ஆச்சி உடைந்த ஓட்டுத் துண்டும் கல்லுமாகக் கொட்டிக் கிடங்கை நிரப்பிவிட்டு, "இனி அளவுங்கோ" என்றா. அந்த அளவின் முடிவு என்ன என்று எனக்கு இன்றைக்கு ஞாபகமில்லை. ஆச்சியின் முகம் ஞாபகமிருக்கிறது.

உங்கள் ஒன்றரைக் கிலோமீற்றர் ஏன் இப்படிப் போனது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாரைத் தின்கிறது முதலில் தண்ணீர். யாழ்ப்பாணம் தட்டை நிலம். ஐப்பசி, கார்த்திகையில் விழுகிற மழை ஓடிப்போக வெள்ள வாய்க்கால் வேண்டும். மதகு இடிந்து கிடக்கிறது என்று எழுதினீர்களே, என் கணிப்பில் கிடங்குகளின் தாய் அந்த மதகு. மதகு அடைத்தால் தண்ணீர் வீதியின் வயிற்றுக்குள் ஊறும், மேலே எத்தனை தரம் ஒட்டுப் போட்டாலும் அடுத்த மாரியில் கழன்றுவிடும். ஆகவே கிடங்கை மூடுங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். மதகைத் திருத்துங்கள், வாய்க்காலைத் தோண்டுங்கள் என்று முதலில் கேளுங்கள். வாய்க்கால் மதில் கட்டினவர்களின் மண்ணுக்குள் புதைந்திருந்தால் அது ஊருக்குள் பேச வேண்டிய கதை, அங்கே சனசமூக நிலையத்துக்கு வேலை இருக்கிறது.

அடுத்தது டிப்பர். அமெரிக்காவில் இலினோய் மாநிலத்தில் இன்னொரு ஒட்டாவா இருக்கிறது. அங்கே 1958இல் இருந்து 1960 வரை லொறிகளை இராப்பகலாக ஓட்டி ஒரு பெரும் பரிசோதனை செய்தார்கள். அதில் கண்டது, அச்சின் பாரம் இரட்டித்தால் றோட்டுக்கு வருகிற சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்கு. உங்கள் வீதி மாட்டுவண்டிக்கும் பஸ்சுக்கும் போட்டது. மணலோ கல்லோ ஏற்றின டிப்பர் ஒன்று போனால் எத்தனை கார் போன கணக்கு என்று பிள்ளைகளுக்குக் கணக்காகக் கொடுத்துப் பாருங்கள். மணலும் கல்லும் அகழ அனுமதி கொடுப்பது மத்தியின் கீழ் இருக்கிற புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம். தேய்கிறது மாகாணத்தின் வீதி. இதைத்தான் நான் பொறுப்புப் பகிர்வு என்று சிரிப்பது.

மூன்றாவது, குடிநீர்க் குழாய். யாழ்ப்பாணம்–கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டத்துக்குப் பல வீதிகளைத் தோண்டினார்கள். நல்ல வேலை, வேண்டிய வேலை. தோண்டுகிறவர் யாராக இருந்தாலும் வீதிக்குரியவரிடம் அனுமதி எடுத்து, திரும்பத் திருத்துவதற்கான காசைக் கட்டியோ தாமே திருத்தியோ விட வேண்டும். உங்கள் வீதியில் நீளத்துக்கு ஒரு ஓரமாக மண் தாழ்ந்து கிடந்தால் அது குழாய்க் கானின் தழும்பு.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கச்சேரியின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதி, மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின் தகவல் அலுவலருக்கு நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். அதில் முறைப்பாடு எழுத வேண்டாம், கேள்வி எழுதுங்கள். இந்த வீதி உங்கள் பதிவேட்டில் இருக்கிறதா, இருந்தால் இலக்கமும் தரமும் நீளமும் என்ன, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? கடைசியாக எந்த ஆண்டில் பராமரிப்புக்குக் காசு ஒதுக்கப்பட்டது? முதல் 800 மீற்றர் எந்த ஆண்டு கையளிக்கப்பட்டது, கொந்துராத்துக்காரரின் குறை திருத்தும் காலம் எப்போது முடிந்தது அல்லது முடியும்? குழாய் வெட்டுக்காக யாரும் காசு கட்டியிருந்தால் எவ்வளவு, அதில் என்ன வேலை நடந்தது? இவ்வளவும் போதும். 14 வேலை நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். கேட்டது அவர்களிடம் இல்லையென்றால் அதையும் எழுத்தில் சொல்ல வேண்டும், அதுவும் உங்களுக்கு லாபம். மறுத்தாலோ வாய் பேசாமல் இருந்தாலோ அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

அதே கேள்வியில் முதலாவதை மட்டும் பிரதேச சபைக்கும் தனியாகக் கொடுங்கள். இரண்டு பக்கத்தாரும் "எங்களுடையதில்லை" என்று எழுத்தில் தந்தார்களென்றால் கவலைப்படாதீர்கள், அதுதான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய பெறுமதியான கடதாசி. இரண்டையும் சேர்த்து ஆளுநர் செயலகத்துக்கு அனுப்புங்கள். மாகாணத்தின் வீதித் திணைக்களமும் உள்ளூராட்சித் திணைக்களமும் இன்று ஒரே கூரையின் கீழ்தான் பதில் சொல்லுகின்றன. வாய்ச்சொல்லாக "இல்லை" என்றால் ஆறு மாதம் கழித்தும் அதே "இல்லை"தான், எழுத்தில் இருந்தால் யாராவது ஒருவர் விளக்கம் கொடுக்க வேண்டும்.

பதில் வந்த பிறகு அந்தப் பகுதிக்குரிய நிறைவேற்றுப் பொறியியலாளரைப் போய்ப் பாருங்கள். ஒரு கூட்டமாகப் போகாமல் இரண்டு பேராகப் போங்கள். மதகின் படம், மழை நாளில் தண்ணீர் நிற்கிற படம், அளவு எழுதிய ஒரு தாள். அடுத்த வருட மதிப்பீடுகளில் உங்கள் மதகு ஏற வேண்டுமென்றால் அந்தத் தாள் இந்த வருடமே அவருடைய மேசையில் இருக்க வேண்டும். ஒதுக்கீடு வந்த பிறகு போவதும் ஒன்று, சாப்பிட்டு இலை எடுத்த பிறகு பந்திக்குப் போவதும் ஒன்று.

பிள்ளை விழுந்த விசயம்: ஆஸ்பத்திரித் துண்டையும் விழுந்த இடத்தின் படத்தையும் பெற்றோர் பத்திரமாக வைத்திருக்கட்டும். வழக்கு என்று போவதானால் சட்டத்தரணி ஒருவரைக் கேட்டுத்தான் போக வேண்டும், அது என் துறையில்லை.

கடைசித் துண்டு ஒழுங்கையைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அது மேலே சொன்ன ஒருவருக்கும் உரியதாக இல்லாமலும் இருக்கலாம். எங்கள் ஊர்களில் பாதி ஒழுங்கை உறுதியில் வழிவாய்க்கால் என்று எழுதின தனியார் வழி. சபையின் பதிவேட்டில் ஏறாத வழிக்குச் சபை காசு செலவழிக்க முடியாது. இரண்டு பக்கத்துக் காணிக்காரரும் கையெழுத்து வைத்துக் கையளித்தால்தான் அது பொது வீதியாகும், அதற்கு யாராவது வேலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ள வேண்டியும் வரும். கிடங்கைவிடக் கஷ்டமான வேலை அது. ஒழுங்கையின் இரண்டு பக்கத்து உறுதிகளையும் பார்த்து, அகலத்தை மூன்று இடத்தில் அளந்து எனக்கு எழுதுங்கள், அதற்குத் தனியாகப் பதில் தருகிறேன். வேலிக்காரரில் யாராவது ஸ்காபுறோவில் இருந்தால் அந்தக் கையெழுத்தை மருமகன் வாங்கித் தரட்டும்.